உள் அலங்காரத் தொழிலும் வாடிக்கையாளர் உறவும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி வேங்கிக்காலில் நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா என்றால் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். தலைமை ஆசிரியன் ஒருவனை மேடையேற்றினால் அவன் வேறு எதைப் பேசப் போகிறான் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். ஆனால் செயலாளர் அவர்கள் என்னிடம், "ஐயா, படிப்பு முடித்துத் தனியாகத் தொழில் செய்கின்ற பிள்ளைகள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். அவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், வீட்டு உள் அலங்கார வேலையைச் சொந்தமாக ஏற்றுச் செய்கின்றவர்கள் தம் வாடிக்கையாளரோடு நல்லுறவை எவ்வாறு வளர்த்துக்கொள்வது என்பதாகும்.

இந்தப் பொருள் ஏன்? நம் வேங்கிக்காலைச் சுற்றிப் பாருங்கள். 1989ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கே அமைந்தது. அதன்பின் அலுவலர்களும் ஆசிரியர்களும் வணிகர்களும் இப்பக்கம் வீடு கட்டத் தொடங்கினார்கள். மலையையும் ஆசிரமங்களையும் நாடி வந்த வெளியூராரும் வெளிநாட்டாரும் இங்கேயே தங்கலானார்கள். நிலக்கடலையும் நெல்லும் விளைந்த வயல்களில் மாடி வீடுகள் எழுந்தன. அந்த வீடுகளுக்குச் சித்தாளாகவும் கையாளாகவும் சென்றவர்கள் நம் பெற்றோர். அவர்களுடைய பிள்ளைகள் இன்று அதே வீடுகளுக்குள் அலமாரி செய்கிறார்கள். மாடுலர் கிச்சன் அமைக்கிறார்கள். ஃபால்ஸ் சீலிங் போடுகிறார்கள். பட்டயம் படித்த சிலர் கணிப்பொறியில் வீட்டின் உட்புறத்தை முன்கூட்டியே படமாக வரைந்து காட்டுகிறார்கள். கலவைச் சட்டி சுமந்த தலைமுறைக்கும் கணிப்பொறி ஏந்திய தலைமுறைக்கும் இடையே ஒரே ஒரு படிதான் இருக்கிறது. அந்தப் படியின் பெயர் கல்வி.

ஆனால் இளைஞர்களே, உங்களில் பலருக்கு வேலை தெரிகிறது; வேலை கொடுத்தவரோடு பழகத் தெரியவில்லை. நான் கண்டவரை, நம் பிள்ளைகளின் தொழில் கெடுவது கைத்திறன் குறைந்ததால் அன்று. வாய்ப்பேச்சிலும் கணக்கிலும் நேர்ந்த தவறுகளால்தான். இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நம் முன்னோர் வேலை செய்தார்கள். ஆனால் பேரம் பேசவில்லை. பேசும் உரிமை அவர்களுக்கு இல்லை. அறுப்பு முடிந்தபின் களத்தில் அளந்து போட்டதுதான் கூலி. அளப்பவர் மனம் குளிர்ந்திருந்தால் ஒரு மரக்கால் கூடும்; முகம் சுளித்தால் குறையும். இவ்வளவு வேலைக்கு இவ்வளவு கூலி என்று எழுதிய தாளை அவர்கள் கண்டதில்லை. தலைமுறை தலைமுறையாக வந்த அந்தப் பழக்கம் நம் இரத்தத்தில் இரண்டு விதமாகத் தங்கிவிட்டது. ஒரு சாரார், வேலை கொடுத்தவர் எது சொன்னாலும் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிவிட்டுப் பிறகு நட்டப்படுகிறார்கள். இன்னொரு சாரார், ஒரு சிறு குறை சொன்னாலும் அதைத் தம் மானத்துக்கு நேர்ந்த இழுக்காகக் கொண்டு, கருவிகளைச் சுருட்டிக்கொண்டு பாதியில் வந்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றே. எதிரில் நிற்பவரை ஆண்டை என்று எண்ணுவதால்தான் ஒருவர் பணிகிறார், மற்றவர் சீறுகிறார்.

எதிரில் நிற்பவர் ஆண்டையும் அல்லர், பகைவரும் அல்லர். அவர் ஓர் ஒப்பந்தத்தின் ஒரு தரப்பு. நீங்கள் மறு தரப்பு. அவர் பணம் தருகிறார்; நீங்கள் அறிவும் உழைப்பும் தருகிறீர்கள். இந்தச் சமநிலையை மனத்தில் நிறுத்திக்கொள்வதுதான் நல்லுறவின் தொடக்கம். இன்று நான் சொல்லப்போகும் அனைத்தும் இந்த ஒரே கருத்தின் கிளைகள்தாம்.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி எழுப்புவீர்கள். "ஐயா, நாங்கள் சமமாக எண்ணினால் போதுமா? எங்கள் சாதியை அறிந்ததும் வேலையே தராமல் போகிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையிலிருந்தே விடை தேடுவோம்.

அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் இலண்டனிலும் பயின்ற அண்ணல் 1917இல் தாயகம் திரும்பினார். பரோடா அரசில் பணியேற்றார். தங்குவதற்கு ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் தங்கியிருந்தவரைத் தடியேந்திய கூட்டம் வந்து வெளியேற்றியது. பம்பாய்க்குத் திரும்பினார். பொருளியல் கற்ற அவர், பங்கு வணிகம் செய்வோருக்கு ஆலோசனை கூறும் தொழிலொன்றைச் சொந்தமாகத் தொடங்கினார். வாடிக்கையாளர்கள் வந்தார்கள். அவருடைய சாதியை அறிந்ததும் நின்றுவிட்டார்கள். தொழில் மூடப்பட்டது. இளைஞர்களே, உலகின் சிறந்த பல்கலைக்கழகம் ஒன்றில் கற்ற பேரறிஞருக்கே இக்கதி நேர்ந்தது என்றால், உங்களிடமிருந்து ஒரு வாடிக்கையாளர் விலகிப் போவது உங்கள் குறையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. அண்ணல் 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். மீண்டும் இலண்டன் சென்று பாரிஸ்டராகத் திரும்பினார். வழக்கறிஞர் தொழிலிலும் தொடக்கத்தில் அதே தடைகள்தாம். எனினும் 1926ஆம் ஆண்டில் மகாராட்டிரத்துப் பிராமணரல்லாதார் இயக்கத் தலைவர்கள் மீது தொடுக்கப்பட்ட அவதூறு வழக்கில் அவர்களுக்காக வாதாடி வென்றார். வேறு சமூகத்தைச் சேர்ந்தவர்கள் தங்கள் மானத்தையே அவர் கையில் ஒப்படைத்தார்கள். வேலையைப் பார்த்து வருகின்ற மனிதர்களும் உலகில் இருக்கிறார்கள் என்பதற்கு இது சான்று. சாதியைப் பார்த்து ஓடுகிறவரைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். வேலையைப் பார்த்து வருகிறவரை உங்கள் தவற்றால் இழந்துவிடாதீர்கள். நம் கையில் இருப்பது இரண்டாவதுதான்.

இனித் தொழிலுக்கு வருவோம். இத்தொழிலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டப்படி, கட்டடக் கலை மன்றத்தில் பதிவு செய்யாத ஒருவர் தம்மை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியாது. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் அதுபோலவே பதிவு உண்டு. உள் அலங்கார வடிவமைப்பாளருக்கு அப்படிப்பட்ட சட்டப் பதிவு இல்லை. எவரும் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளலாம். ஆகவே வாடிக்கையாளர் உங்கள் சான்றிதழைப் பார்ப்பதைவிட, நீங்கள் முன்பு வேலை செய்த வீட்டுக்காரரைத்தான் விசாரிக்கிறார். நீங்கள் முடித்துக் கொடுத்த ஒவ்வொரு வீடும் உங்களுக்கான ஒரு சான்றிதழ்.

அந்தச் சான்றிதழைப் பெறுவதற்கு ஐந்து வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, கேட்டறிதல். புது வீட்டுக்குள் நுழைந்ததும் நம் பிள்ளைகள் கைப்பேசியை எடுத்து நூறு படங்களைக் காட்டத் தொடங்கிவிடுகிறார்கள். படம் பிறகு இருக்கட்டும். முதலில் கேளுங்கள். இந்த வீட்டில் எத்தனை பேர்? முதியவர் இருக்கிறாரா? இரவில் எழுந்து குளியலறைக்குப் போக அவருக்குப் பிடிமானம் வேண்டுமா? சமைப்பவர் உயரம் என்ன? மேல் அலமாரி அவருக்கு எட்டுமா? பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் எங்கே அமர்ந்து படிப்பாள்? தீபத்திற்கு உறவினர் இருபது பேர் வந்தால் பாய்களை எங்கே வைப்பார்கள்? இக்கேள்விகளை வீட்டுத் தலைவரிடம் மட்டும் கேட்டால் போதாது. அடுப்படியைப் பற்றி அந்த அம்மாவைக் கேளுங்கள். பல வீடுகளில் பணம் ஐயா தருகிறார். குறையோ நிறையோ சொல்பவர் அம்மாதான்.

அண்ணல் அம்பேத்கர் 1930களின் தொடக்கத்தில் பம்பாய் தாதர் பகுதியில் 'ராஜகிருகம்' என்னும் வீட்டைக் கட்டினார். எதற்காக? தம் நூல்களுக்காக. ஆயிரக்கணக்கான நூல்கள் தங்குவதற்கு இடம் வேண்டும் என்பதே அவ்வீட்டின் தலையாய நோக்கம். அப்படிப்பட்ட ஒருவரிடம் சென்று, வரவேற்பறைக்கு எந்த வண்ணம் என்று கேட்பவன் தொழில் அறியாதவன். "ஐயா, நூல்கள் எத்தனை? எந்த உயரம்? மேலும் எத்தனை வாங்குவீர்கள்?" என்று கேட்பவனே வடிவமைப்பாளன். ஒவ்வொரு வீட்டுக்கும் அப்படி ஒரு மைய நோக்கம் உண்டு. அதைக் கண்டுபிடிப்பவனை அந்த வீட்டார் மறக்க மாட்டார்கள்.

கேரளத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞரைப் பற்றிச் சிலர் அறிந்திருப்பீர்கள். 1917இல் இங்கிலாந்தில் பிறந்து 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர். ஏழைக்கும் செல்வருக்கும் வீடு கட்டியவர். பயன்படுத்திய உறைகளின் பின்புறத்தில்கூட வரைபடம் போடுவார். வீடு கட்டப்படும் இடத்தில் தாமே நின்று வேலை பார்ப்பார். வாழப்போகிறவரின் தேவையையும் மனையின் இயல்பையும் அறியாமல் அவர் வரையத் தொடங்குவதில்லை. விலையுயர்ந்த அலுவலகம் இல்லாமலும் நம்பிக்கை பெறலாம் என்பதற்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு.

இரண்டாவது, அளவும் எழுத்தும். இத்தொழிலில் எழும் சச்சரவுகளில் பெரும்பாலானவை சதுர அடியில் பிறக்கின்றன. ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ஆறு அடி அகலம், ஏழு அடி உயரம் உள்ள துணி அலமாரி. முகப்பு 42 சதுர அடி. அதற்கு மேல் இரண்டு அடி உயரத்தில் லாஃப்ட்டுக்குக் கதவு. அது 12 சதுர அடி. சதுர அடிக்கு 1,500 ரூபாய் என்று வாய்ப்பேச்சில் முடித்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் மனத்தில் இருப்பது 42 சதுர அடி, 63,000 ரூபாய். நீங்கள் பில்லில் எழுதுவது 54 சதுர அடி, 81,000 ரூபாய். வேறுபாடு 18,000. இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலைக்குள் நீங்கள் ஏமாற்றுக்காரர், அவர் கஞ்சர் என்ற பெயர் ஊரில் பரவிவிடும்.

ஆகவே எழுதுங்கள். முகப்பை மட்டும் அளக்கிறோமா, லாஃப்ட் சேருமா, உள்தட்டுகள் எத்தனை, கீலும் சேனலும் கைப்பிடியும் யார் பொறுப்பு, எந்த நிறுவனத்துப் பொருள் என்று தெளிவாக எழுதுங்கள். வெறுமனே "நல்ல பிளைவுட்" என்று எழுதாதீர்கள். நல்லது என்பதற்கு அளவு கிடையாது. தண்ணீர் படும் அடுப்படிக்கு ஐ.எஸ். 710 தரமுள்ள பிளைவுட் என்று எழுதி, பலகையில் உள்ள முத்திரையை வீட்டுக்காரரை அழைத்துக் காட்டுங்கள். எட்டுக்கு நான்கு அடிப் பலகை ஒன்று 32 சதுர அடி. எத்தனை பலகை வந்தது, எத்தனை செலவாயிற்று, எவ்வளவு மிஞ்சியது என்று அவருக்கும் தெரியட்டும். மறைக்க எதுவும் இல்லாதவனிடம் மனிதர்கள் தாமாகவே நெருங்கி வருவார்கள்.

வாய்மொழி ஒப்பந்தமும் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி ஒப்பந்தம்தான். ஆனால் அதை மெய்ப்பிப்பது அரிது. எழுத்தில் இருந்தால், வரவேண்டிய பணத்துக்கு மூன்று ஆண்டுகளுக்குள் வழக்காடவும் வழியுண்டு. ஆயினும் நான் தாளை வற்புறுத்துவது நீதிமன்றத்துக்காக அன்று. களத்தில் நெல்லை அளந்தவரிடம் நம் பாட்டனார் கேட்க முடியாத கேள்வியை, கையெழுத்திட்ட ஒரு தாள் நமக்காகக் கேட்கும். குரலை உயர்த்தத் தேவையில்லை, குனியவும் தேவையில்லை. தாளைக் காட்டினால் போதும்.

மூன்றாவது, முன்பணம். முன்பணம் என்பது உங்கள் பணம் அன்று. அது அந்த வீட்டின் பலகையாகவும் மைக்காவாகவும் மாறவேண்டிய பணம். மாறும்வரை உங்களிடம் உள்ள அடைக்கலப் பொருள். என் பழைய மாணவர் ஒருவர் இத்தொழிலில் மிகத் திறமை வாய்ந்தவர். முதல் வீட்டு வேலைக்கு வாங்கிய பணத்தைக் குடும்பத்து நிகழ்ச்சி ஒன்றுக்குச் செலவிட்டார். இரண்டாம் வீட்டின் முன்பணத்தை எடுத்து முதல் வீட்டை முடித்தார். மூன்றாம் வீட்டின் பணத்தில் இரண்டாம் வீடு. நான்காவது வீடு கிடைக்கச் சற்றுத் தாமதமாயிற்று. அவ்வளவுதான். மூன்றாம் வீட்டுக்காரர் தெருவில் நின்று கேட்ட கேள்விகளை அவருடைய தாயும் கேட்டுக்கொண்டிருந்தார். திறமை எங்கும் போய்விடவில்லை, நம்பிக்கை போய்விட்டது. அவர் பெங்களூருக்குச் சென்று இன்று வேறொருவரிடம் நாள் கூலிக்கு அதே வேலையைச் செய்கிறார். அவரை நான் பழித்துச் சொல்லவில்லை. வகுப்பறையில் அவருக்கு வட்டிக் கணக்குச் சொல்லிக் கொடுத்த நான், பிறர் பணத்தைத் தனியே வைக்க வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுக்கவில்லையே என்றுதான் வருந்துகிறேன்.

ஆகையால், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை வேலையின் படிநிலைக்கு ஏற்பப் பெறுங்கள். பொருள் வாங்க நூற்றுக்கு நாற்பது, பெட்டிகள் நின்றதும் முப்பது, கதவுகள் மாட்டியதும் இருபது, எல்லாவற்றையும் திறந்து மூடிப் பார்த்தபின் பத்து என்பது ஒரு நல்ல பங்கீடு. இதனால் அவருக்கும் அச்சமில்லை, உங்களுக்கும் அச்சமில்லை. ஆண்டு வரவு இருபது இலட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு தேவை என்பதையும் மறவாதீர்கள். திருக்குறளில் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளை வள்ளுவர் வணிகர்க்கென்றே வைத்தார். நீதிபதிக்கு வேண்டிய நேர்மை வணிகருக்கும் வேண்டும் என்பது அவர் கருத்து.

நான்காவது, கெட்ட செய்தியை முதலில் சொல்லுதல். மரம் கோணிவிட்டது, மைக்கா நிறம் கடையில் இல்லை, ஆசாரி ஊருக்குப் போய்விட்டார். இவை எல்லாத் தொழிலிலும் நிகழ்பவை. நாம் என்ன செய்கிறோம்? கைப்பேசியை எடுக்காமல் இருந்துவிடுகிறோம். ஒரு நாள் தாமதத்தை வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்வார். எடுக்காத கைப்பேசியை அவர் பொறுத்துக்கொள்ள மாட்டார். நானும் ஒரு வீடு கட்டியவன். கிரகப்பிரவேசத்துக்கு நான்கு நாட்கள் இருக்கையில், அலமாரிக் கதவு செய்யவேண்டியவர் கைப்பேசியை எடுக்காத இரவில் நான் பட்ட பாட்டை இன்றும் மறக்கவில்லை. மறுநாள் அவர் வந்து காரணம் சொன்னபோது அது நியாயமான காரணமாகவே இருந்தது. அதை முதல் நாள் சொல்லியிருந்தால் நானே உதவியிருப்பேன்.

நம் ஊருக்கென்று சில இடையூறுகள் உண்டு. கார்த்திகைத் தீபத்தின்போதும் பௌர்ணமி நாட்களிலும் கிரிவலக் கூட்டத்தால் சாலைகள் அடைபடும். பொருள் வண்டி நகருக்குள் வராது. ஆட்கள் வேலைக்கு வருவதும் குறையும். இது பஞ்சாங்கத்திலேயே இருக்கும் செய்தி. நாளைக் குறிக்கும்போதே இதைக் கணக்கிட்டு, பத்து நாள் வேலைக்குப் பன்னிரண்டு நாள் கேளுங்கள். பதினோராம் நாள் முடித்துக் கொடுங்கள். அதுபோல, வேலை நடக்கையில் வீட்டுக்காரர் "இங்கே ஒரு தட்டும் சேர்த்துவிடு தம்பி" என்று சொன்னால், அதற்கான விலையை அப்போதே எழுதி அவர் ஒப்புதலைப் பெற்றுக்கொள்ளுங்கள். முடிவில் சொன்னால் அது சண்டை. முதலில் சொன்னால் அது கணக்கு.

ஐந்தாவது, வேலை முடிந்தபின் தொடரும் உறவு. இதற்கு ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் ஜார்ஜ் நகஷிமா. சப்பானியப் பெற்றோருக்கு 1905இல் அமெரிக்காவில் பிறந்து கட்டடக் கலை பயின்றவர். நம் ஊரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள புதுச்சேரிக்கு 1937இல் வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டே' விடுதிக் கட்டடப் பணியை மேற்பார்வையிட்டவர். பிறகு அமெரிக்கா திரும்பினார். இரண்டாம் உலகப் போரில் சப்பானும் அமெரிக்காவும் மோதின. சப்பானிய இனத்தார் என்ற ஒரே காரணத்துக்காக 1942இல் அவரையும் மனைவியையும் கைக்குழந்தையையும் முள்வேலி முகாமில் அடைத்தார்கள். பிறப்பைக் காரணம் காட்டி மனிதரை ஒதுக்குவது நம் நாட்டில் மட்டும் நிகழ்வதன்று. அந்த முகாமில், உடன் அடைபட்டிருந்த ஒரு சப்பானியத் தச்சரிடம் அவர் மர வேலையின் நுட்பங்களைக் கற்றார். 1943இல் வெளிவந்து தமக்கென ஒரு பணிமனை அமைத்தார்.

வாடிக்கையாளரிடம் அவர் நடந்துகொண்ட முறை எளிமையானது. வந்தவரோடு அமர்ந்து பேசுவார். மரப்பலகைகளைக் காட்டி, இன்ன பலகை உங்களுக்கு என்று தேர்ந்தெடுப்பார். செய்த மேசையின் அடிப்புறத்தில் அதை வாங்குபவரின் பெயரை எழுதுவார். வணிகத்துக்காகப் பொதுவில் செய்த பொருள் அன்று, இது உங்களுக்கென்றே செய்தது என்பது அதன் பொருள். பிரின்ஸ்டன் நகரில் ஒரு தம்பதியர் பல ஆண்டுகளாக அவரிடமே வாங்கி வீட்டை நிறைத்திருந்தார்கள். 1989இல் அவ்வீடு தீப்பற்றி எரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்கள் சாம்பலாயின. அப்போது நகஷிமாவுக்கு எண்பது வயது கடந்துவிட்டது. மீண்டும் செய்து தருகிறேன் என்று அவர் முன்வந்தார். 1990இல் அவர் மறைந்தார். முகாமில் கைக்குழந்தையாக இருந்த அவருடைய மகள் மீரா அப்பணியைத் தொடர்ந்து நிறைவேற்றினார். நாட்டின் அரசு யாரை முள்வேலிக்குள் தள்ளியதோ, அவருடைய சொல்லை நம்பி அந்நாட்டு மக்கள் தங்கள் வீட்டை ஒப்படைத்தார்கள்.

நீங்கள் வெளிநாட்டுக்குப் போகவேண்டாம். வேலை முடித்த ஆறாம் மாதம், அழைக்காமலேயே அந்த வீட்டுக்குச் செல்லுங்கள். மழைக்குப் பின் கதவு உப்பியிருக்கிறதா, கீல் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு திருப்புளியும் அரை மணி நேரமும் போதும். அந்த அரை மணி நேரம் உங்களுக்கு அடுத்த வீட்டைத் தேடிக் கொடுக்கும்.

இளைஞர்களே, ஐந்து வழிகளைச் சொல்லிவிட்டேன். இறுதியாக, இவையெல்லாம் போதாத ஓர் இடத்தைப் பற்றியும் நேர்மையாகப் பேசிவிடுகிறேன்.

நம் பிள்ளை ஒருவர் வெளியூரில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். முதல் வாரம் காபி வீட்டுக் குவளையில் வந்தது. எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டறிந்தபின், காகிதக் குவளையில் வந்தது. அவர் என்னிடம் வந்து, "ஐயா, பாதியில் விட்டுவிட்டு வந்துவிடட்டுமா?" என்று கேட்டார். என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. சிறிது நேரம் கழித்துச் சொன்னேன்: "தம்பி, தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதை முடித்துக் கொடு. ஒரு திருகாணிகூடக் குறையக்கூடாது. பணத்தைக் கடைசி ரூபாய்வரை கேட்டு வாங்கு. காபியை வாங்காதே, வேண்டாம் என்று மரியாதையாகச் சொல். பிறகு அந்த வீட்டுக்குப் போகவேண்டியதில்லை." அவர் அப்படியே செய்தார். அந்த அம்மாவின் தங்கை ஆறு மாதம் கழித்துத் தம் வீட்டு வேலைக்கு அவரை அழைத்தார். அங்கே எந்தக் குவளையில் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவர் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார்.

இதைச் சொல்வதால், நன்றாக வேலை செய்தால் சாதி ஒழிந்துவிடும் என்று நான் கூறுவதாக எண்ணாதீர்கள். அது பொய். சாதியை ஒழிப்பது தனி ஒரு தச்சரின் பொறுப்பன்று. சாதியின் பெயரால் ஒருவர் உங்களை வெளிப்படையாக இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதன் வழியில் உங்களுக்குத் துணை நிற்க இந்தச் சங்கம் இருக்கிறது. ஆனால் நம் தரப்பில் ஒரு குறையும் இல்லாமல் இருந்தால்தான் நம் கேள்விக்கு வலிமை இருக்கும். மற்றவன் தவறினால் அவன் பெயர் மட்டும் கெடும். நீ தவறினால் "அந்தத் தெருப் பையன்கள் எல்லோரும் இப்படித்தான்" என்பார்கள். இது அநீதி. அநீதி என்று அறிந்தே அதற்கு இடங்கொடாமல் வாழவேண்டிய நிலையில் இருக்கிறோம்.

அதே நேர்மை கீழ்நோக்கியும் செல்லவேண்டும். உங்களிடம் வேலை செய்யும் உதவியாளருக்குச் சனிக்கிழமை மாலை கூலி தவறாமல் போகிறதா? பெண்பிள்ளைகள் இத்தொழிலுக்கு வருகிறார்களே, அவர்கள் வரைந்த படத்தை உங்கள் பெயரில் காட்டாமல் இருக்கிறீர்களா? களத்தில் நம்மை அளந்தவர்களைப் போல நாம் மற்றவரை அளக்கக்கூடாது.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வெள்ளி விழாவின் நினைவாக, தமிழில் எளிய ஒப்பந்தப் படிவம் ஒன்றை அச்சிட்டு நம் தொழிலாளர்களுக்கு வழங்குங்கள். 1974இல் தொடங்கப்பட்ட தாட்கோ நிறுவனத்தின் உதவிகளையும், 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தையும் இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அத்திட்டத்தில் முதலீட்டில் 35 விழுக்காடு மானியம் உண்டு. விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் வாய்ப்பை இழந்தவர்களை நான் அறிவேன்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இச்சங்கம் நம் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியது. கைநாட்டு வைத்த தலைமுறை மறைந்துவிட்டது. இனி, அந்தக் கையெழுத்து ஓர் ஒப்பந்தத்தின் கீழே, வீட்டுக்காரரின் கையெழுத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் இருக்கட்டும். அந்த ஒரு வரியில் இரண்டு பெயர்களும் சமமாக நிற்பதைக் காணத்தான் நம் பெரியோர் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள் என்று நான் நம்புகிறேன்.